பிச்சாவரமா, ஆலப்புழாவா? தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு படகுப் பயணத் திட்டம்

நம் பக்கத்துக்காரர்களுக்குப் படகு என்றாலே ஒகேனக்கல் பரிசல்தான். காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்று செய்தியில் பார்ப்போம். பரிசலுக்குத் தடை இல்லையென்றால் கிளம்புவோம். மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவோம். கடலோரக் கழிமுகத்துக்கோ காயலுக்கோ இதே பழக்கத்தில் கிளம்பினால் சரிப்படாது. ஒகேனக்கல்லில் பாறையும் சுழலும் கண்ணுக்கு முன்னால் தெரிகின்றன. பரிசல் ஓட்டுபவர் "உட்காருங்க" என்றால் மறுபேச்சில்லாமல் உட்காருகிறோம். காயலில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்ததும் பெரியவர்களே எழுந்து நின்று போட்டோ எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அலையில்லாத தண்ணீரில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அலையால் நடப்பதில்லை. ஏறும்போது, இறங்கும்போது, ஒரே பக்கம் கூடும்போது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றும்போது நடக்கின்றன.

அதனால் திட்டம் போடுகிறவர் முதலில் வீட்டில் யாருக்கு மிகச் சிரமம் என்று பார்க்க வேண்டும். பாட்டிக்கு மூட்டு வலியா, தாத்தாவுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டுமா, மூன்று வயதுக் குழந்தை கையை விட்டு ஓடுமா என்று யோசியுங்கள். எந்த ஊர், எந்தப் படகு, எத்தனை மணி நேரம் என்ற மூன்றுக்கும் விடை அந்த ஒருவரை வைத்தே கிடைத்துவிடும்.

எந்த மாதம்

இது இரண்டு ஊருக்கும் ஒன்றல்ல. பிச்சாவரம் வங்கக் கடல் பக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் அங்கே வரிசையாக வரும். ஆலப்புழாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆலப்புழாவை ஒட்டிய தாழ்நிலமான குட்டநாட்டில் வெள்ளம் ஏறினால் படகுத்துறையே முழுகிவிடும். இரண்டுக்கும் பொருந்தும் காலம் என்று பார்த்தால் ஜனவரியும் பிப்ரவரியும்தான். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் அதுதான் வசதி. ஏப்ரலுக்குப் பிறகு அறுவடை முடியும்வரை அவர்கள் தோட்டத்தை விட்டு நகர முடியாது.

அரையாண்டு விடுமுறையில் போகவே கூடாது என்பது என் கருத்து. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் ஆலப்புழாவில் வாடகை வேறு கணக்கு. நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதிவரை சேலம் வழியாகக் கேரளா போகும் ரயில்களில் சபரிமலைக் கூட்டமும் இருக்கும். பொங்கல் முடிந்து வரும் வாரக் கடைசிகள் நல்லவை. மே விடுமுறைதான் முடியும் என்றால் போகலாம். ஆனால் அந்த மாதங்களில் கேரளத்தில் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். திறந்த காயலில் படகுதான் உயரமான பொருள் என்பதை நினைவில் வைத்து, மதியம் 2 மணிக்குள் அகலமான தண்ணீரை விட்டு வந்துவிடும்படி வழியைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் முறை என்றால் பிச்சாவரம்

தருமபுரியிலிருந்து சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போகக் காரில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகவும் போகலாம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிறவர்கள் தொப்பூர் கணவாயைத் தூக்கக் கண்ணோடு கடக்காதீர்கள். விடிந்தபின் கிளம்பி, சாயங்காலம் நடராஜரைத் தரிசித்துவிட்டுச் சிதம்பரத்திலேயே தங்குங்கள். படகு மறுநாள் காலையில்தான். நேராக வண்டியை விட்டு இறங்கி மத்தியான வெயிலில் படகு ஏறுகிறவர்களே "ஒண்ணுமில்ல, சும்மா மரம்தான்" என்று திரும்பி வருகிறார்கள்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள அலையாத்திக் காடு. சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் போல வரும். கடல் பக்கத்திலேயே இருந்தாலும் நடுவில் மணல்திட்டு இருப்பதால் உள்ளே அலை வராது. ஆனால் கடல் ஏற்றமும் வற்றமும் உள்ளே வரும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் கூடும். நமக்குப் பிலிகுண்டுலு அளவு எப்படியோ, அங்கே போகிறவருக்கு இது அப்படி. நீர் நன்றாக வற்றியிருந்தால் குறுகலான வாய்க்கால்களில் துடுப்பு சேற்றில் குத்தும், உள்ளே போக முடியாது. முழு ஏற்றத்தில் கிளைகள் தலைக்கு நேராக வரும், குனிந்துகொண்டே போக வேண்டும். நீர் ஏறத் தொடங்கிப் பாதியளவு வந்த நேரம்தான் நல்லது. தரை தட்டினாலும் ஏறுகிற நீர் தானாகத் தூக்கிவிடும். வற்றுகிற நீரில் தட்டினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கைபேசியில் கடல் ஏற்ற நேரம் பார்க்கும்போது கடலூர் அல்லது நாகப்பட்டினம் என்று போட்டுப் பாருங்கள். காட்டுக்குள் அந்த நேரத்துக்குச் சற்றுப் பின்னால்தான் ஏறும்.

படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. குடும்பம் பெரிது என்று மோட்டார் படகு எடுத்தால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம், ஆனால் அகலமான கால்வாயோடு சரி. கிளைகள் இரண்டு பக்கமும் மூடி நிற்கும் சந்துகளுக்குத் துடுப்புப் படகு மட்டும்தான் போகும். எட்டுப் பேர் என்றால் இரண்டு துடுப்புப் படகாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கட்டும். எவ்வளவு நேரம், எந்த வாய்க்கால் வரை என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. ஏறுவதற்கு முன் எல்லோரையும் ஒரு முறை அனுப்பிவிடுவது அவசியம்.

பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது, மெதுவாகப் போனால். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். கனம் தாங்காமல் விழும்போது சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று அங்கேயே வேர் பிடிக்கும். வெண்கண்டலின் இலையைத் திருப்பி விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அதன் அடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். ஆனால் எந்த இலையைத் தொடலாம் என்று படகுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டு மரம்தான். அதன் கிளையை ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையைப் பிடித்து இழுக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் படகின் நடுவில் உட்கார வையுங்கள்.

இரவு தங்க வேண்டும் என்றால் ஆலப்புழா

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே இல்லை. அதனால் அங்கிருந்து கிளம்புகிறவர்களும் தருமபுரிக்கோ சேலத்துக்கோ வர வேண்டும். பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி தருமபுரி வழியாகப் போகிறது. காலையில் ஏறினால் மாலையில் எர்ணாகுளம், அங்கிருந்து ஆலப்புழா ஒன்றரை மணி நேரத்துக்குள். இன்னொன்று சென்னை–ஆலப்புழா எக்ஸ்பிரஸ். இது சேலத்துக்கு வருவது நள்ளிரவு தாண்டி. இங்கேதான் பலர் தேதியைத் தவறவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறுகிறோம் என்று நினைத்தாலும், சேலத்திலிருந்து எடுக்கும் டிக்கெட்டுக்குச் சனிக்கிழமைத் தேதி போட வேண்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கிறது. ரயில் உறுதியான பிறகு படகுக்கு அட்வான்ஸ் கட்டுங்கள். மாற்றிச் செய்தால் காத்திருப்போர் பட்டியலில் நின்றுகொண்டு படகுப் பணத்துக்கும் கவலைப்பட வேண்டியிருக்கும்.

தங்கும் படகு, அதாவது ஹவுஸ்போட், பழைய நெல் ஏற்றும் கெட்டுவள்ளத்திலிருந்து வந்தது. பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் கட்டிச் செய்த படகு அது. இப்போது அதன் மேல் அறை, கழிப்பறை, சமையலறை, ஏ.சி. எல்லாம் வந்துவிட்டன. விளம்பரத்தில் "ஒரு நாள் முழுக்க" என்றுதான் இருக்கும். வழக்கமாக மதியம் 12 மணிக்கு ஏற்றி, மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள், இரவில் மீனவர்கள் வலை போடுவதால் ஓட்டுவதில்லை. சாப்பாட்டுக்கு நிறுத்தும் ஒரு மணி நேரத்தையும் கழித்தால் படகு உண்மையில் நகர்வது நாலரை, ஐந்து மணி நேரம். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதில் பாதி போய்விட்டது. காலை 10 மணிக்குள் ஆலப்புழாவில் இருக்கும்படி திட்டமிடுங்கள். ரயில் தாமதமாகும் என்று தோன்றினால் முந்தின நாளே போய்த் தங்குங்கள்.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஏ.சி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரை, அதுவும் படுக்கையறையில் மட்டும்தான். இரவில் கட்டும் இடத்தில் கரை மின்சாரம் உண்டா, இல்லை ஜெனரேட்டரா? ஜெனரேட்டர் என்றால் அதற்கு மிகத் தள்ளியுள்ள அறையைப் பெரியவர்களுக்குக் கேளுங்கள். சத்தம் மட்டுமல்ல, புகையும் ஒரு காரணம். பக்கத்தில் ஒட்டி நிற்கும் படகின் புகைகூட ஜன்னல் வழியாக வரும். கழிப்பறை மேல்நாட்டு முறையா, அறைக்குள்ளேயே இருக்கிறதா? மேல்தளம் இருந்தால் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா? அறை போட்டோவை மட்டும் அனுப்பினால், படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணோடு வெளிப்புற போட்டோவையும் கேளுங்கள். கே.ஐ.வி. என்று தொடங்கும். ஏறும் நாளில் அதே எண்ணுள்ள படகுதானா என்று பாருங்கள். நெரிசல் நாட்களில் புக் செய்த படகு ஒன்று, நிற்கும் படகு வேறொன்று என்பது அங்கே அடிக்கடி கேட்கும் புகார்.

ஆட்கள் எண்ணிக்கை உரிமச் சான்றில் இருக்கும். குழந்தையும் ஒரு ஆள்தான். மேல்தளத்துக்குத் தனி எண்ணிக்கை உண்டா என்று கேளுங்கள், அதை மீறாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த படகில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டிய நேரத்தில். இரண்டுமே அலையடிக்கும் கடலில் நடந்தவையல்ல. "இன்னும் நாலு பேர் ஏறிக்கலாம்" என்று படகுக்காரர் சொன்னாலும் குடும்பத்துப் பெரியவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பெரிய படகு எடுத்தவர்கள் பிறகு வருத்தப்படுவது ஒரே விஷயத்துக்காக. வேம்பநாட்டுக் காயலின் அகலத்தில் சுற்றிவிட்டு வந்துவிடும், கிராமத்துக்குள் ஓடும் ஒடுக்கமான தோடுகளுக்குள், அதாவது வாய்க்கால்களுக்குள், அதனால் போக முடியாது. குட்டநாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைகிற ஊர் அது. 2013-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அதைச் சிறப்பு வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. சின்னப் படகில் வரப்பை ஒட்டிப் போனால், நாம் உட்கார்ந்திருக்கும் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருப்பது தெரியும். கிணற்றிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் நம் ஊர்க்காரர்கள், அங்கே வயலிலிருந்து வெளியே இறைக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். அதற்குக் கூரை போட்ட ஷிகாரா படகு போதும், இரண்டு மூன்று மணி நேரம். காலையில் எடுங்கள். பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பி, அகலமான இடத்தில் சின்னச் சின்ன அலை அடிக்கும். ஷிகாராவில் தண்ணீர் தெறிக்கும், குழந்தைகள் பயப்படுவார்கள்.

செலவு குறைய வேண்டும் என்றால் கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் ஆலப்புழா–கோட்டயம் படகு இருக்கிறது. ஊர் மக்கள் போகும் பஸ் போல. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், கட்டணம் மிகக் குறைவு. படகுத்துறை ஆலப்புழா பஸ் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கிளம்பும் முன் கோட்டயம் வரை போகிறதா என்று கேளுங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும் காலம் உண்டு. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை உப்பு நீர் வராமல் மூடி வைப்பார்கள். அப்போது தெற்குப் பக்கம் நன்னீர் தேங்கி இந்தச் செடி செழிக்கும். உப்பு ஏறினால்தான் அழியும். புரொப்பெல்லரில் சிக்கினால் படகை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி எடுப்பார்கள். பத்து நிமிட வேலை. அதை எட்டிப் பார்க்கப் பிள்ளைகளை விளிம்புக்கு விடாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்

பெரியவர்களுக்குப் படகில் கொடுப்பது போதும். குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பெரியவர் ஜாக்கெட்டை ஐந்து வயதுக் குழந்தைக்கு இறுக்கிக் கட்டினாலும் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும். வாங்கும்போது எடை அளவு பார்த்து, கால்களுக்கு நடுவில் வரும் பட்டை உள்ளதாக வாங்குங்கள். "வளர்ந்தாலும் ஆகும்" என்று பெரிதாக எடுக்காதீர்கள். போட்டுவிட்டு எல்லா பக்கிளையும் மாட்டி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு ஆகாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சரியான ஜாக்கெட் கிடைப்பது கடினம். அந்தப் பயணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

இதற்கு ஒத்திகை பார்க்க கிருஷ்ணகிரி அவதானப்பட்டி ஏரிப் படகு இல்லம் நல்ல இடம். தேங்கிய தண்ணீர், அரை மணி நேரம். குழந்தை ஜாக்கெட்டோடு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது, பாட்டிக்குப் படகில் கால் வைக்க முடிகிறதா, யாருக்குத் தலை சுற்றுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஆலப்புழாவில் போய்த் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

ஏறும் முறையும் அங்கேயே பழகட்டும். ஒரு நேரத்தில் ஒருவர். காலை விளிம்பில் வைக்காமல் படகின் நடுவில் வைக்க வேண்டும், வைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது, ஏறியபின் கரையில் இருப்பவர் கொடுக்கட்டும். உட்கார்ந்தபின் கையை வெளிவிளிம்பில் போடக் கூடாது, படகு துறையில் இடிக்கும்போது விரல் நசுங்கும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை வைத்த செருப்பு போதும். புடவையைவிடச் சுடிதார் சௌகரியம். புடவைதான் என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுங்கள். வேட்டிக்கும் அதேதான்.

சாப்பாடு, தண்ணீர், இரவு

ஹவுஸ்போட்டில் மூன்று வேளையும் சமைத்துத் தருவார்கள். சிவப்பு மட்டை அரிசி நம் வயசானவர்களுக்கு எடுபடாது, வெள்ளை அரிசி வேண்டும் என்று முந்தின நாளே சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கடலை எண்ணெய் ஒரு லிட்டர் எடுத்துப் போனால் அதிலேயே செய்து தருவார்கள். சர்க்கரை நோயாளிக்குக் கேழ்வரகு மாவு அரைக் கிலோ போதும். கரிமீனும் இறாலும் வழியில் விற்கும் இடத்தில் நிறுத்துவார்கள். அது வாடகையில் சேராது. கிலோ விலையைக் கேட்டு, கண் முன்னால் எடை போடச் சொல்லி வாங்குங்கள். குடிக்கும் தண்ணீர் ஆறு பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன் எடுத்தால் மறுநாள் காலைவரை வரும்.

இருட்டியபின் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்தலாம் என்று தோன்றும். வேண்டாம். கூரையும் தட்டியும் மூங்கிலும் ஓலையுமாக இருக்கும் படகில் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. சமையலறையில் தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கொசுவுக்குக் கைகாலில் தடவும் களிம்பும் வலையும் போதும். காயலில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம். அடியில் சேறும் செடியும், மேலே படகுகளின் புரொப்பெல்லர், கழிவும் கலந்த தண்ணீர். காலில் புண் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கவே கூடாது, எலிக்காய்ச்சல் வரும் வழி அது. குழந்தைகள் தூங்கும் அறையின் கதவுத் தாழ்ப்பாளை மேலே போடுங்கள். விடியற்காலையில் முதலில் எழுந்து வெளியே நடப்பது அவர்கள்தான்.

காலை 9 மணிக்கு இறங்கியதும் சாமான்களை ரயில் நிலையத்திலோ விடுதியிலோ வைத்துவிட்டு ஷிகாரா எடுங்கள். ஆலப்புழாவிலிருந்து சென்னை எக்ஸ்பிரஸ் கிளம்புவது பிற்பகலில், அதற்குள் தோடுகளைச் சுற்றிவிட்டுச் சாப்பிட நேரம் இருக்கும். சேலத்தில் நடுராத்திரி வாக்கில் இறங்குவதால் தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ போக வண்டியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியவர்கள் கூட இருந்தால் சேலத்திலேயே ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டு விடிந்தபின் கிளம்பலாம்.